ராத்திரி பத்தா, விடிகாலை நாலரையா, சனிக்கிழமையா?

காலை 9.30-க்குக் கிண்டி அலுவலகத்தில் இருக்க வேண்டும். மாலை ஆறரைக்குக் கிளம்பி, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு குரோம்பேட்டை வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். சம்பளம் தருவது இந்த வேலைதான். இதற்கு மேல், மூன்று வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தும் கொடுக்கிறேன். மிக்ஸி கையேடு, வங்கி விண்ணப்பப் படிவம், செல்போன் செயலிகளில் வரும் ‘தொடர்க’, ‘ரத்து செய்’ வகையறா. ஒரு சொல்லுக்கு 1 ரூபாய் 20 காசு. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது இதற்கு வேண்டும். அதை எங்கிருந்து பிய்த்து எடுப்பது? மூன்று வழிகளையும் மாதக்கணக்கில் செய்து பார்த்தாயிற்று.

முதலில் எல்லோரையும் போல ராத்திரியில்தான் உட்கார்ந்தேன். சாப்பிட்டு, மகளின் வீட்டுப்பாடம் முடிந்து, விளக்கணைந்த பிறகு பத்துக்கு ஆரம்பித்து ஒரு மணி வரை. வசதியான நேரம், மறுக்கவில்லை. போன் வராது, காலிங்பெல் அடிக்காது. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் இன்னும் தோது: இங்கே ராத்திரி பத்து என்பது கோடையில் நியூயார்க்கில் பகல் பன்னிரண்டரை. சந்தேகம் கேட்டால் உடனே பதில் வரும். அவசர வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கேட்கலாம்.

ஆனால் அந்த நேரத்தில் வேலை செய்கிற ஆள் யார் என்பதுதான் சிக்கல். நான் எழுவது 5.45-க்கு. ராத்திரி பத்தே முக்காலுக்கெல்லாம் பதினேழு மணி நேரம் விழித்திருந்தவனாகிவிடுகிறேன். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைகண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல ஆகிவிடுகிறதாம். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. டிராபிக் போலீஸ் பிடிக்கிற நிலையில் உட்கார்ந்துதான் நான் மிக்ஸி கையேடு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பலனும் தெரிந்தது. ‘மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்று வர வேண்டிய வரி, ‘மூடியைத் திறந்த பின்’ என்று போய்விட்டது. சரிபார்ப்பவர் பிடித்துவிட்டார், அவர் நன்றாயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, ராத்திரி செய்த எதையும் மறுநாள் மதியம் ஒருமுறை படிக்காமல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்தில் 750 சொல், அதைத் திருத்த அரை மணிக்கு மேல். கணக்குப் போட்டால் மணிக்கு 250 ரூபாய்தான் தேறியது.

காபியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடித்த காபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்த பில்டர் காபி, இரண்டரை மணிக்கும் பாதி மிச்சம் இருக்கிறது. ஒரு மணிக்குப் படுத்தாலும் தூக்கம் என்னமோ தெருமுனையில் நின்றுகொண்டிருக்கும். ஒருநாள் காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கிண்டியில் இறங்க வேண்டியவன் நுங்கம்பாக்கத்தில் கண் விழித்தேன்.

எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம் இரண்டு வாரத்தில் எங்கே போய் நின்றது தெரியுமா? ஒன்றிரண்டு இரவு அடியோடு கண் விழித்தவர்களின் அளவுக்கு. ஆனால் அவர்களைக் கேட்டால், ‘லேசாகத்தான் தூக்கம் வருகிறது’ என்ற ரீதியில் பதில் சொன்னார்கள். தூக்கம் கெட்டவனிடமே போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அவர்களாவது ஆறு மணி நேரம் தூங்கினார்கள். எனக்கு ஐந்துகூட இல்லை.

அடுத்தது விடிகாலை. பிரம்ம முகூர்த்தத்தின் பெருமையைப் பாட்டி காலத்திலிருந்து கேட்டாயிற்று, அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். வேலைக்கு அது நல்ல நேரம்தான் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். நாலரைக்கு எழுந்தால் முதல் அரைமணி வீண். கண் திறந்திருக்கும், மூளை திறந்திருக்காது. உடம்புச் சூடு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கிற நேரமும் ஏறத்தாழ அதுதான். முகம் கழுவி, பால் பாக்கெட்டை எடுத்து வைத்து, ஐந்துக்கு உட்கார்ந்தால் ஏழு வரை. இரண்டு மணி நேரத்தில் 800 சொல் வந்துவிடும், பெரும்பாலும் திருத்தமே வேண்டாம். மணிக்கு 480 ரூபாய். ராத்திரிக் கணக்கைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு! கீழ்வீட்டு மோட்டார் சத்தம் மட்டும்தான் தொந்தரவு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நாலரைக்கு எழுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஒன்பதரைக்குப் படுப்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் அது ஐந்தரை மணி நேரம்தான். ராத்திரி விழிப்புக்கு இது ஒன்றும் ஒசத்தி இல்லை. அதுவும் வெட்டுப்படுவது தூக்கத்தின் கடைசிப் பகுதி. கனவுத் தூக்கம் அதிகம் வருவது அப்போதுதான். சரி, ஒன்பதரைக்கே படுப்போம் என்றால், எங்கள் வீட்டில் தோசைக்கல் அடுப்பேறுவதே எட்டே முக்காலுக்கு. மகள் அன்றைய பள்ளிக் கதையை ஆரம்பிக்கும்போது நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன். “நீங்க போய்ப் படுங்க, நாங்க பாத்துக்கறோம்” என்பாள் மனைவி. அதில் கோபம் துளியும் இருக்காது, அதுதான் உறுத்தும். தினமும் விடிகாலை என்று ஓட்டிய இரண்டு மாதத்தில், வீட்டில் ஒரு பேயிங் கெஸ்ட் மாதிரி ஆகிவிட்டிருந்தேன்.

மூன்றாவது, சனிக்கிழமை மட்டும். எனக்கு ஐந்து நாள் வேலை வாரம் என்பதால் இது முடிந்தது. சனிக்கிழமையும் அலுவலகம் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆறு மணி நேரம், 2,000 சொல், 2,400 ரூபாய். தூக்கம் கெடாது. ஆனால் செவ்வாய்க்கிழமை வரும் வேலை சனி வரை காத்திருக்காது, வேறு ஆளுக்குப் போய்விடும். தை, ஆவணி முகூர்த்தங்கள் வந்தால் இரண்டு மூன்று வாரம் துடைத்துப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

வழி எதுவானாலும், முதலில் வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்தார்கள் என்று 2022-ல் விப்ரோ 300 பேரை வெளியே அனுப்பியதாக அதன் தலைவரே மேடையில் சொன்னார். என் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கேட்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது என்பது வேறு விஷயம்.

இப்போது செவ்வாய், வியாழன் விடிகாலையில் 800 சொல் வீதம், சனிக்கிழமை 2,000. மொத்தம் 3,600 சொல், 4,320 ரூபாய். வாரத்தில் ஐந்து ராத்திரி கண் விழித்தபோது கிடைத்தது 4,500. வித்தியாசம் 180 ரூபாய். இந்த 180-க்காகவா நுங்கம்பாக்கம் வரை போனோம் என்று சிரிப்பு வந்தது. ராத்திரி வேலையை அடியோடு விட்டுவிட்டேன், அதோடு நியூயார்க் வாடிக்கையாளரும் போய்விட்டார். அந்த வேலை இப்போது ஒரு நண்பரிடம் இருக்கிறது. அவருக்குப் பத்து மணிக்கு முன் எழுந்து பழக்கமில்லை, அலுவலகமும் மதியம் இரண்டு மணிக்குத்தான். அவருக்கு ராத்திரிதான் சரி. நாலரைக்கு எழுந்திருக்கச் சொன்னால் அவர்தான் மூடியைத் திறந்த பின் மின் இணைப்பைத் துண்டிப்பார்.

திங்கள், புதன் ராத்திரிகளில் மட்டும் எங்கள் வீட்டில் எட்டு மணிக்கே சாப்பாடு. மகள் அதற்கு ‘ஆஸ்பத்திரி டைம்’ என்று பேர் வைத்திருக்கிறாள்.