சுவர் அட்டவணையா, எழுத்துக்கூட்டலா: வீட்டில் தமிழ் வாசிக்கக் கற்பித்த இரண்டு வழிகள்

பெங்களூரில் வசிக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பள்ளியில் அவர்களுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் உண்டு. தமிழ் வாசிப்பை நாங்கள்தான் வீட்டில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. மூத்தவனுக்கு அரிச்சுவடி முறையில் கற்பித்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து இளையவளுக்கு, எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லைப் படிக்கும் முறையை ஆங்கிலத்தில் ஃபோனிக்ஸ் என்று சொல்கிறார்களே, அதைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, எழுத்துக்கூட்டலில் தொடங்கினேன். இரண்டையும் செய்து பார்த்த பிறகு என் சாய்வு இரண்டாவதன் பக்கமே இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரிச்சுவடி முறையைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பது, பிறகு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்தும் கொண்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி நாளொரு வரிசையாகச் சொல்ல வைப்பது என்பது நம்மில் பலர் கடந்து வந்த வழிதான். அதில் நிறைவு உண்டு. எந்த எழுத்தும் விட்டுப்போகாது, வரிசை மனத்தில் பதிகிறது, பின்னாளில் அகராதி புரட்டும்போது அது கைகொடுக்கிறது. தாத்தா பாட்டியும் சேர்ந்து சொல்லிக் கொடுக்கலாம்.

சிக்கல் எங்கே வந்தது என்பதை ஒரே சொல்லைக் கொண்டு காட்டிவிட முடியும். அட்டவணை முழுவதையும் பிழையின்றி ஒப்பிக்கத் தெரிந்த என் மகனிடம் 'மூக்கு' என்று எழுதிக் காட்டினேன். அவன் முதல் எழுத்தில் விரலை வைத்து, "ம, மா, மி, மீ, மு, மூ" என்று வரிசையைச் சொல்லிக்கொண்டே வந்து 'மூ'வில் நின்றான். அடுத்து 'க்' வந்தது. மூன்றாம் எழுத்துக்கு மறுபடியும் "க, கா, கி, கீ, கு" என்று ஏறி வந்து சேர்ந்தபோது, முதலில் கண்டுபிடித்த 'மூ' அவன் நினைவிலிருந்து போய்விட்டது. எழுத்தை அவன் பார்த்து அறியவில்லை, வரிசையில் அது நிற்கும் இடத்தை எண்ணித்தான் அறிந்தான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

ஆகவே, என்னைப் பொறுத்தவரை இரண்டு முறைகளையும் பிரிக்கும் கேள்வி ஒன்றுதான்: இதுவரை கண்டிராத ஒரு சொல்லைக் குழந்தை தானாகக் கூட்டிப் படிக்கிறதா? எத்தனை எழுத்து தெரியும் என்பது அதற்குப் பிறகுதான்.

இளையவளுக்கு முதலில் கொடுத்தவை ப, ட, ம, த, க என்ற ஐந்து எழுத்துகளும், மேலே வைக்கும் புள்ளியும், துணைக்காலும் மட்டுமே. இவற்றைக் கொண்டே படம், பட்டம், பக்கம், பாடம், பாதம், மாதம், தாகம், காகம், மாமா, தாத்தா, பாப்பா என்று எத்தனையோ சொற்கள் அமைகின்றன. தரையில் பலப்பத்தால் மூன்று கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் எழுத்தையும் சொல்லும்போது ஒரு புளியங்கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ளச் சொன்னேன். கடைசியில் விரலை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்து முழுச் சொல்லையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்தில், நான் சொல்லித் தராத 'மாடம்' என்ற சொல்லை அவளாகவே கூட்டிப் படித்துவிட்டு, "மாடம்னா என்னப்பா?" என்று கேட்டாள். பொருள் தெரியாத சொல்லையும் படிக்க முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இந்த முறைக்குத் தமிழ் எழுத்தே துணை நிற்கிறது. ஆங்கிலத்தில் மெய்யொலியைத் தனியே சொல்லிக் காட்டும்போது பின்னால் ஓர் உயிரொலி ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க ஆசிரியர்கள் தனிப் பயிற்சி எடுக்கிறார்கள். நமக்கோ 'ப்' என்பதும் 'ப' என்பதும் கண்ணுக்குத் தெரியும்படியே வேறு வேறு. போதாததற்கு, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவையும் மற்ற எழுத்துகளைப் போலவே ஆகிவிட்டன. கால், கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றை ஒருமுறை கற்றால் பதினெட்டு மெய்க்கும் பொருந்தும். உகர ஊகார வரிசைகள் மட்டுமே இன்னும் ஒரு சீராக இல்லை. அவற்றைக் குடும்பங்களாகப் பிரித்து, சு, பு, யு, வு என்று கோடு கீழிறங்குபவற்றை ஒரு வாரமும், து, நு, ணு, று, னு என்று கோடு மடங்கி மேலேறுபவற்றை மறுவாரமுமாகக் கொடுத்தேன்.

இரண்டு இடங்களில் தடுமாறினோம். முதலாவது கொம்பு. 'கொக்கு' என்ற சொல்லில் கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககர மெய்யை. அவள் "கெ" என்று தொடங்கி, பின்னால் நிற்கும் காலை என்ன செய்வது என்று விழித்தாள். அட்டையில் கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டி எடுத்து, முதலில் 'க'வை மட்டும் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே சமயத்தில் இரு பக்கமும் நகர்த்தி "கொ" என்று சொல்ல வைத்த பிறகுதான் தெளிந்தது.

இரண்டாவது வல்லினத்தின் ஒலி. 'தம்பி'யை அவள், 'பி'க்குப் 'பிடி'யில் உள்ள ஒலியையே கொடுத்து, அழுத்தமாகப் படித்தாள்; அது தன் வாயில் தினமும் வரும் சொல்தான் என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லெழுத்தை அடுத்தும் இரு உயிர்களுக்கு நடுவிலும் மெல்லொலி என்ற விதியை நான் விளக்கவில்லை. பக்கம், பங்கு; பட்டம், படம்; அப்பா, அம்பு என்று இணை இணையாகப் படிக்க வைத்தேன், காது பிடித்துக்கொண்டது. 'பயம்' போன்ற வடசொற்கள் இதற்குள் அடங்குவதில்லை என்பதால் அவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்தேன். 'வருகிறான்' என்று எழுதி 'வர்றான்' என்று பேசும் சொற்களையும் அப்படியே தள்ளி வைத்தேன்.

கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்து 2007இல் சோனாலி நாக் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்து முறையில் எழுத்துகள் அனைத்தும் வசப்படத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டுகிறது. கன்னடத்தில் இருப்பது போல, இரண்டு மெய்கள் சேர்ந்து ஒரே வடிவமாகும் கூட்டெழுத்துகள் தமிழில் இல்லாததால் சுமை குறைவுதான். ஆனாலும் எல்லா எழுத்தும் தெரிந்த பிறகே சொல் என்று காத்திருந்தால் குழந்தை வாசிப்பின் சுவையை அறியவே நெடுங்காலம் ஆகிவிடும் என்பதற்கு என் மூத்தவனே சான்று.

செயலிகளையும் பட அட்டைகளையும் சில வாரங்கள் பயன்படுத்தினோம். அணில் படத்தைப் பார்த்து "அணில்" என்று சொல்வது வாசிப்பாகாது. படத்தைக் கையால் மறைத்தவுடன் அவள் மௌனமானதைக் கண்டு நிறுத்திவிட்டேன்.

என் அனுபவம் இரண்டு குழந்தைகளோடு முடிகிறது. இளையவள் அண்ணன் ஒப்பிப்பதைக் கேட்டே வளர்ந்தவள், அது அவளுக்கு எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. வீட்டில் தமிழ் பேசாத குழந்தைக்கு இந்த முறை எப்படி அமையும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் இல்லை. 'தம்பி'யை அவள் காதால் திருத்திக்கொண்டாள் என்றால், அந்தச் சொல் ஏற்கெனவே அவள் காதில் இருந்ததுதான் காரணம்.

சுவர் அட்டவணையை நாங்கள் கிழித்துவிடவில்லை. தங்குதடையின்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு, வரிசையை இளையவள் ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். எழுதும்போது ர, ற இரண்டிலும், ன, ண இரண்டிலும் இன்றும் இருவருமே தவறு செய்கிறார்கள். அதற்கு இவ்விரு முறைகளிலும் மருந்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு இரவில் ஒரு பக்கம் படித்து, அதில் வரும் ஐந்து சொற்களைச் சிலேட்டில் பார்க்காமல் எழுதச் சொல்லி வருகிறேன்.