பதுளையா, பெலிஹுல்ஓயாவா, கொழும்பா? நிகழ்வு முகாமைத்துவம் படிக்க நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

அக்காவின் மகள் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு என்னிடம் வந்தாள். "மாமா, ஈவன்ட் மேனேஜ்மென்ட் படிக்கலாம்னு இருக்கேன். எங்க படிச்சா நல்லது?" பக்கத்தில் நின்ற அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கல்யாண வீட்டுல பலூன் கட்டுறதுக்கும் ஒரு படிப்பா?"

ஹட்டனில் சவுண்ட், லைட், ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கும் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். அக்காவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்தத் துறையின் அறிவை அலங்காரம், நிர்வாகம், சந்தைப்படுத்தல், ஆபத்து, செயற்பாடு என்று 5 பகுதியாகப் பிரிப்பார்கள். பலூன் முதலாவதில் வரும். மருமகள் கேட்பது கடைசிப் பகுதி: இடம், கரண்ட், தண்ணீர், கழிப்பறை, லொறி வரும் நேரம், சனம் வருவதும் போவதும். நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தால் இந்த வேலை யார் கண்ணிலும் படாது. பிசகினால்தான் தெரியும்.

அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோட்டத்துத் தேர்த் திருவிழாவில். மைக் செட் என் பொறுப்பு. சாமி ஊர்வலம் திரும்பும் நேரம் பார்த்து மழை கொட்டியது. சுமார் 600 பேர் இருப்பார்கள். எல்லாரும் கொழுந்து மடுவத்தை, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையை, நோக்கி ஓடினார்கள். மடுவத்துக்கு ஏற ஒரே படிக்கட்டு, அகலம் ஒரு மீட்டர்தான். அதன் பாதியை அடைத்தாற்போல் என்னுடைய ஜெனரேட்டர் நின்றது. நனையாமல் இருக்கட்டும் என்று நானேதான் அங்கே வைத்திருந்தேன். ஒரு சின்னப் பிள்ளை கீழே விழுந்து, பிள்ளையின் மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒரு பொம்பளை சேலையோடு குனிந்து, முதுகால் கூட்டத்தைத் தடுத்துப் பிள்ளையைத் தூக்கினாள். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரித்தானியாவில் விளையாட்டு மைதானங்களுக்கு ஒரு பாதுகாப்புக் கையேடு இருக்கிறது. ஒரு மீட்டர் அகலமான சமதளப் பாதையில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர், அதுதான் கணக்கு. பல வருடம் கழித்துத்தான் அது எனக்குத் தெரிய வந்தது. 600 பேர் அந்தப் படியில் ஏற, படி முழுசாகத் திறந்திருந்தாலும் 9 நிமிடம் வேண்டும். மழையில் 9 நிமிடம் யார் நிற்பார்கள்? இதைக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் அன்றைக்குக் கமிட்டியில் இருந்திருந்தால், ஜெனரேட்டர் அங்கே நின்றிருக்காது. அதனால்தான் இது படிக்க வேண்டிய படிப்பு என்கிறேன். தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21 அன்று கார் ஒன்று பந்தயப் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் புகுந்து 7 பேர் இறந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

சரி, எங்கே படிப்பது?

முதலில் பதுளை. பசறை வீதியில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கியது. விருந்தோம்பல், சுற்றுலா, நிகழ்வு முகாமைத்துவம் மூன்றும் சேர்ந்த 4 வருடச் சிறப்புப் பட்டம் அங்கே உண்டு. தொழில் பயிற்சியும் அதற்குள்ளேயே வந்துவிடும். அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. மஹாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் கைச்செலவுக்கு ஆகும். ஹட்டனில் இருந்து போகும் அதே ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் பதுளை என்பதில் அக்காவுக்கு ஓர் ஆறுதல்.

பட்டத்தின் பெயரிலேயே 'நிகழ்வு' இருப்பது சின்ன விஷயமில்லை. நேர்முகப் பரீட்சையில் உட்காரும்போது, நான் இதைத்தான் படித்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். குறையும் உண்டு. பதுளை டவுனில் பெரிய மாநாட்டு மண்டபங்கள் இல்லை. வாராவாரம் கண்காட்சி நடக்கும் ஊரும் இல்லை. கேபிளைத் தூக்கிப் பார்க்க வேண்டுமானால் தானாகத் தேடிப் போக வேண்டும்.

இங்கே இசட் புள்ளி பற்றி ஒரு வார்த்தை; உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் புள்ளி அது. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது, 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன; கண்டியும் மாத்தளையும் இல்லை. வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விட்டுப்போகும் நம் பிள்ளைகள் தங்கள் மாவட்டத்துக்குரிய புள்ளி எது என்று பார்ப்பதே இல்லை. பாடத் தகுதி என்ன என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் அந்தந்த வருடத்துக்குரிய பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டியூஷன் சேர் சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று விண்ணப்பம் போடக் கூடாது.

பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவப் பட்டம் இருக்கிறது. சமனலவெவ மின் திட்டத்துக்குக் கட்டிய கட்டடங்களில் தொடங்கிய, மலையடிவாரத்தில் அமைதியான இடம். சுற்றுலாவில் விரிவான பிடிப்பு வேண்டும், நிகழ்வு அதில் ஒரு பகுதியாக இருந்தால் போதும் என்கிற பிள்ளைக்கு நல்ல தெரிவு. இவளுக்கு மேடையும் கூட்டமும்தான் மனதில் இருக்கிறது என்பதால் இதை இரண்டாவதாக வைத்தோம்.

இனிக் கொழும்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கேயே தருகிறோம் என்று தனியார் நிறுவனங்கள் பல இருக்கின்றன. கொழும்பின் பலத்தை நான் மறுக்க மாட்டேன். பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம், நெலும் பொக்குண என்று பெரிய அரங்குகள் எல்லாம் அங்கேதான். பகலில் வகுப்பு, ராத்திரி மேடை வேலை என்று ஓடிய பிள்ளைகள் இரண்டே வருடத்தில் தேறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் நகையை அடகு வைத்து அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். விளம்பரம், வாடிக்கையாளர் உளவியல், சிலைட் செய்வது எல்லாம் படித்தான். கடைசி வரைக்கும் ஒரு மண்டபத்தின் பின்வாசலையாவது காட்டவில்லை. என்னிடம் வேலைக்கு வந்தபோது, 100 கே.வீ.ஏ. ஜெனரேட்டர் உண்மையில் 80 கிலோவாட் அளவுக்குத்தான் தாங்கும் என்பது அவனுக்குத் தெரியாது. நுவரெலியா மாதிரி 1,868 மீட்டர் உயரத்தில் அந்த வலு இன்னும் குறையும் என்பதை என்னோடு லொறியில் வந்துதான் தெரிந்துகொண்டான். புத்திசாலிப் பையன், பிழை அவன் மேல் இல்லை. காசு கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பட்டம் தரும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பயிற்சி எத்தனை மாதம், எங்கே? பயிற்சிக்கு இடம் தேடித் தருவது நீங்களா, பிள்ளையா?

இசட் புள்ளி கைகொடுக்கவில்லை என்றால் உடனே கொழும்புக்குக் கடன் வாங்க ஓட வேண்டாம். பண்டாரவளையிலும் கண்டியிலும் அரசின் ஹோட்டல் பாடசாலைகள் இருக்கின்றன. ஹோட்டலில் விருந்து மண்டபப் பக்கம் வேலை பழகினால், 300 பேருக்கு மேசை போட்டு, சாப்பாடு கொடுத்து, 2 மணித்தியாலத்தில் மண்டபத்தைக் காலி செய்வது எப்படி என்று தெரிந்துவிடும். பட்டத்தை அப்புறம் படிக்கலாம். வறுமையில் வந்த பிள்ளைக்கு இந்தப் பாதைதான் முதலில் சம்பளம் தரும்.

மொழி விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும், அது தெரிந்ததே. நம் பிள்ளைகளுக்குத் தடுக்குவது சிங்களம். ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிஸுக்கும், மைதானத்துக்குப் பிரதேச சபைக்கும் அலையும்போது அந்த மொழி வேண்டும். பதுளை விடுதியில் நாலு வருடம் எல்லாரோடும் கலந்து இருந்தால் அது காசில்லாமல் வந்துவிடும். பதுளைக்கு நான் கூடுதலாக ஒரு புள்ளி போட அதுவும் ஒரு காரணம்.

களம் கிடைக்காது என்ற குறைக்கும் வழி இருக்கிறது. கண்டிப் பெரஹெரா ஊர்வலத்தில் கும்பல் பெரஹெரா என்று 5 நாள், ரந்தோலி பெரஹெரா என்று 5 நாள். யானைகள் நடக்கும் வீதியின் இரு கரையிலும் சனத்தை எப்படி இருத்துகிறார்கள் என்று பார்க்கலாம். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் 5 தேர் ஓடும். விரிவுரையாளர் அனுப்பாவிட்டாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடியும்.

விண்ணப்பத்தில் பதுளையை முதலாவதாகப் போட்டாள், பெலிஹுல்ஓயாவை அதற்குக் கீழே. அக்கா இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. வரும் மாசியில் மாத்தளைக்கு மூன்று பேரும் போகிறோம். தேர் முனை திரும்பும் இடத்தில் நிற்க வேண்டும் என்று மருமகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். அளவு நாடாவை நான் கொண்டுவர வேண்டுமாம்.