18,500 ரூபாய்க்கு எங்கள் வீட்டில் புற்றுநோய் பயத்தை விற்றுவிட்டுப் போன ரத்தப் பரிசோதனை ஆப்

நேற்று மாலை ஏழாவது முறையாகக் கூப்பிட்டேன். "உங்க கம்ப்ளைன்ட் ப்ராசஸ்ல இருக்கு சார்" என்று அதே பதில். அதனால் இதை எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஆப்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. கும்பகோணத்துக்காரர். மூன்று மாதம் முன்புதான் சென்னைக்கு எங்களோடு இருக்க வந்தார். வந்ததிலிருந்து இருமல். பகலில் சும்மா இருக்கும், நடுராத்திரி ஒரு மணிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்து விடியும்வரை இருமுவார். சரி, ஒரு முழு உடல் பரிசோதனை எடுத்துவிடலாம் என்று 1,999 ரூபாய்க்கு புக் செய்தேன்.

ரிப்போர்ட் அன்று இரவே ஆப்பில் வந்தது. வெள்ளணு 24,600. அதில் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளணு மட்டும் 52 சதவீதம். இரண்டும் சிவப்பில். வெள்ளணு சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன். இரவு 9.40. "ஹெல்த் கவுன்சிலர்" என்று ஒரு பெண். நல்ல தமிழ், நிதானமான குரல். "பயப்படாதீங்க சார். ஆனா இந்த கவுன்ட்டுக்கு பிளட் கேன்சர் இல்லைன்னு கன்ஃபர்ம் பண்ணிடறது நல்லது. எனக்கும் அப்பா இருக்காங்க சார், அதனால சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன்.

ரத்தப் புற்றைத் தேடும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, பி.சி.ஆர். ஏ.பி.எல். ஜீன் டெஸ்ட், இன்னும் இரண்டு சேர்த்து ஒரு பேக்கேஜ். நாளைக்கு என்றால் 26,000, இன்று இரவே கட்டினால் 18,500. எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து நிமிடத்தில் யு.பி.ஐ.யில் 18,500 போய்விட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, ஆனால் ஸ்பீக்கரில் பேசியது பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை மேஜைமேல் அவருடைய எல்.ஐ.சி. பத்திரம், பேங்க் பாஸ்புக் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பணத்தைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பது நாள் காத்திருந்தோம். எல்லாம் நெகட்டிவ். கீழே ஒரு வரி: நோய் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அந்தக் "கவுன்சிலர்" பெண்ணின் நம்பருக்கு அடித்தால் எடுக்கவில்லை. அப்படியானால் ஈசினோபில் ஏன் ஏறியது, இருமலுக்கு என்ன செய்வது என்று கஸ்டமர் கேரில் கேட்டேன். "நாங்க டயக்னாஸ்டிக்ஸ் மட்டும்தான் சார், டாக்டரைப் பாருங்க." இதைச் சொல்ல 18,500 ரூபாயா?

அப்புறம்தான் எங்கள் தெருமுனையில் இருக்கும் வயதான பொது மருத்துவரிடம் போனோம். ரிப்போர்ட்டை அவர் பிறகுதான் கையில் வாங்கினார். முதலில் அப்பாவைப் பார்த்து, "ஐயாவுக்கு எந்த ஊர்? இருமல் எந்நேரம் வருது?" என்று கேட்டார். இத்தனை நாளில் இந்த இரண்டு கேள்வியை யாருமே கேட்கவில்லை. கும்பகோணம் என்றதும் தலையாட்டினார். யானைக்கால் நோய்க்குப் பேர் போன ஊர். சின்ன வயதில் ராத்திரி வீட்டுக்கு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்களே என்று அப்பாவே சொன்னார். அந்த நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் இரவில்தான் உலாவும், அதனால்தான் அந்த நேரத்தில் எடுப்பார்களாம்.

டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னாலேயே ஒரு சின்ன லேப். விரலில் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் ஓரத்தால் இழுத்தார் அந்த டெக்னீஷியன். இறகின் நுனி மாதிரி மெல்லிசாகப் பரவியது. சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு பிரிவாக உட்கரு, சுற்றிலும் ஆரஞ்சு நிறக் குருணை நிரம்பிய செல்கள், எங்கு பார்த்தாலும் அவைதான். "எல்லாம் முதிர்ந்த செல் சார். பிளாஸ்ட் ஒண்ணுகூட இல்லை." பிளாஸ்ட் என்றால் ரத்தப் புற்றில் வரும் முதிராத செல். இதற்குப் பெயர் பெரிஃபெரல் ஸ்மியர். கட்டணம் 150 ரூபாய். 18,500 வாங்கியவர்கள் மெஷின் எண்ணிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள், ஸ்மியர் என்ற வார்த்தையே எந்தப் பக்கத்திலும் இல்லை.

டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். 24,600-இல் 52 சதவீதம் என்றால் ஏறக்குறைய 12,800 ஈசினோபில். இந்த எண்ணிக்கை சாதாரணமாக 500-ஐத் தாண்டக்கூடாது. புழுவாலோ அலர்ஜியாலோ சில மருந்துகளாலோ ஏறலாம். 3,000-க்கு மேல் போய், யானைக்கால் உள்ள ஊர்க்காரராக இருந்து, இரவு இருமலும் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது ட்ராபிகல் ஈசினோபிலியா, அதாவது யானைக்கால் புழுவுக்கு உடம்பு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவது. 1943-லேயே பெயர் வைத்த வியாதி, நம் நாட்டு டாக்டர்களுக்கு அத்துப்படி. இதில் புழுக்குஞ்சுகள் நுரையீரலிலேயே சிக்கிக்கொள்வதால் இரவு ரத்தத்தில்கூடப் பெரும்பாலும் தெரியாதாம். அதனால் ஃபைலேரியா (யானைக்கால் புழு) ஆன்டிபாடி, புழுவாலும் அலர்ஜியாலும் ஏறும் ஐ.ஜி.ஈ., எக்ஸ்ரே, வேறு புழு இருக்கிறதா என்று மலப் பரிசோதனை. ஸ்மியரையும் சேர்த்து 2,350 ரூபாய். ஆன்டிபாடி, ஐ.ஜி.ஈ. இரண்டும் எகிறியிருந்தன. யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை மூன்று வாரத்துக்கு. இன்று ஆறாம் நாள். முந்தாநாளிலிருந்து அப்பா விடியும்வரை தூங்குகிறார்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய டெஸ்ட்கள் பொய்யில்லை. "வேற காரணம் எதுவும் கிடைக்காம, எண்ணிக்கையும் இறங்காம இருந்தா நானே அனுப்பியிருப்பேன் தம்பி. இவங்க கடைசிப் படியிலிருந்து ஆரம்பிச்சிருக்காங்க" என்றார் டாக்டர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில்: சாம்பிள் ப்ராசஸ் ஆகிவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது. சரி, பரிந்துரைத்த டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் கொடுங்கள் என்றேன். 48 மணி நேரத்தில் வரும் என்றார்கள். ஐந்து நாள் ஆகிறது. நேற்று ஒருவர், "நல்ல ரிசல்ட்தானே சார் வந்திருக்கு, சந்தோஷப்படுங்க" என்கிறார். 18,500 ரூபாய்க்கு நான் சந்தோஷப்பட வேண்டுமாம்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டாக்டர் எழுதாத டெஸ்ட்டுக்கு இரவில் பணம் கட்டாதீர்கள். வெள்ளணு ஏறியோ இறங்கியோ இருந்தால் முதலில் ஸ்மியர் கேளுங்கள். டெங்கு மாதிரி வைரஸ் காய்ச்சலில் இறங்குவதும், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு ஏறுவதும் சகஜம், சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள். ஈசினோபில் அதிகம் என்றதும் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு வாங்கி விழுங்காதீர்கள், உள்ளே வேறு புழு இருந்தால் ஆபத்தாகிவிடும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிந்தாயிற்று. அந்த 18,500-க்கான பில்லையும் இரவு 9.40 கால் லாகையும் கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.