எஞ்சின் எண் தகட்டை நம்பி எஞ்சினை இழந்தேன்

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே பழைய கார் வைத்திருப்பதே ஒரு பிடிவாதம்தான். உப்புக்காற்று தகட்டைத் தின்றுவிடும். அதனால் 1965ஆம் ஆண்டின் எம்ஜி மிட்ஜெட் ஒன்றை வாங்கியபோது, என் கவலையெல்லாம் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகட்டின் மேல்தான். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அந்தத் தகடே முதுகெலும்பு. மாதக்கணக்கில் வெட்டி ஒட்டினோம். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஏமாந்தது அதில்.

நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஒருமுறையாவது இதை ஓட்ட ஆசை. பழைய கார்ப் பந்தயத்தில் வண்டி அதன் காலத்து அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்பதால், பந்தய எஞ்சின் கட்டுவதாகச் சொன்ன கொழும்புப் பக்கத்துக் கராஜ் ஒன்றுக்கு எஞ்சினை லொறியில் ஏற்றி அனுப்பினேன். முன்பணம் 4 இலட்சம் ரூபா. பற்றுச்சீட்டு கேட்கக் கூச்சப்பட்டேன்.

ஐந்து மாதம் "பிஸ்டன் வரவில்லை" என்ற பதில்தான் வந்தது. பிறகு புதுப் பெயின்ட் மினுங்க எஞ்சின் வந்தது. எஞ்சின் எண் பொறித்த தகட்டில் என் எண்ணேதான், '10CC' என்ற எழுத்துக்குறியோடு தொடங்கியது. ஆனால் கல்லடிப் பாலத்தைத் தாண்டும் முன்பே எண்ணெய் அழுத்தம் இறங்கியது. ஏறாவூரில் லேத் வைத்திருக்கும் காக்கா எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியைக் கழற்றி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை மைக்ரோமீற்றரால் அளந்து பார்த்து, "தம்பி, இது மொரிஸ் மைனர் காரின் கிராங்க்" என்றார்.

இரண்டு கார்களின் எஞ்சினும் 1098 சீசீ. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் என் எஞ்சினில் கிராங்கின் நடுத்தாங்கி விட்டம் 2 அங்குலம், மைனருக்கு 1¾. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் நீளம், தாங்கிகளோ மூன்றே; சுழற்சி ஏறினால் மெல்லிய கிராங்க் வளையும், கடைசியில் முறியும். 1964இல் தயாரிப்பாளரே மிட்ஜெட்டுக்கு அதைத் தடிப்பாக்கியது அதனால்தான். குதிரைவலுவும் 59 எங்கே, 48 எங்கே! எண் தகடு வெறும் ரிவெட்டில் நிற்பது. கழற்றி இன்னொரு எஞ்சினின் பிளாக்கில், அதாவது அதன் இரும்பு உடலில், அடிக்க ஐந்து நிமிடம் போதும். ரிவெட் புத்தம் புதிதாக மினுங்கியதை நான் அழகு என்று நினைத்தேன்!

கேட்டதற்கு, "இரண்டும் ஒரே எஞ்சின்தானே ஐயா" என்றார் உரிமையாளர். அடுத்த நாளிலிருந்து தொலைபேசியை எடுப்பதில்லை.

எஞ்சினை வெளியே கொடுப்பவர்கள், பிளாக்கிலும் கிராங்கிலும் யாருக்கும் தெரியாத இடத்தில் சொந்தக் குறி ஒன்றைக் குத்திவிட்டுக் கொடுங்கள். விட்டத்தை அளந்து எழுதி, வேலைக்கு ஏற்பவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள்.

என் பிளாக்கில் டைனமோ பிடிக்கும் காதில் ஒரு பழைய பித்தளை ஒட்டு இருக்கும். தகடு இருந்த இடத்தில் இப்போது ரிவெட் துளைகள் மட்டும் இருக்கலாம். அப்படி ஒன்று எங்காவது விலைக்கு வந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.