வீட்டு எடை மெஷின்: விசுவாசிக்கு எது போதும், எது வேண்டாம்

உடல்நலத்துக்காக ஜெபித்து, சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, நடக்கவும் தொடங்கிய விசுவாசி அடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு எடை மெஷின். பலருடைய சமாதானத்தைக் கெடுப்பதும் அதுதான். எண் குறைந்த நாளில் ஸ்தோத்திரம். கூடிய நாளில், ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கவில்லையோ என்ற கலக்கம். மெஷின் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கலக்கத்தில் பாதி நீங்கிவிடும்.

சாதாரண கண்ணாடித் தட்டு டிஜிட்டல் மெஷினே போதும். அதன் நான்கு கால்களிலும் எடையை உணரும் லோட் செல் ஒவ்வொன்று இருக்கும். நாம் ஏறும்போது அதிலுள்ள உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவால் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் மெஷின் கிலோவாகக் காட்டுகிறது. நான்கு கால்களும் சமமாகப் பதியாவிட்டால் கணக்கு பிசகும். ஆகவே கம்பளம், பாய், மேடுபள்ளமான ஓடு எதுவும் ஆகாது. இடம் மாற்றியதும் ஒருமுறை காலால் அழுத்தி, திரை பூஜ்யம் காட்டி அணையும் வரை விட்டு, பிறகு ஏற வேண்டும். இதைச் செய்யாததால் வரும் தவறான எண்ணுக்குத்தான் பலர் உடம்பின் மேல் பழி போடுகிறார்கள்.

வாங்கியதும் மூன்று முறை ஏறி இறங்கிப் பாருங்கள். எண் சில நூறு கிராம் தாவினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று முறையும் அச்சடித்தாற்போல ஒரே எண் வந்தாலும் உடனே நம்ப வேண்டாம். சில மெஷின்கள் முந்தைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் சிறிதென்றால் பழைய எண்ணையே காட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். ஏறக்குறைய அரை கிலோ கூட வேண்டும். கூடவில்லை என்றால், நீதிமொழிகள் 11:1 கர்த்தருக்கு அருவருப்பானது என்று சொல்லும் கள்ளத்தராசு அது.

கொழுப்பு, தசை, எலும்பு, 'உடல் வயது' என்று பத்துப் பதினைந்து எண்களைப் போனுக்கு அனுப்பும் மெஷின்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பாதம் வழியாக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அது சந்திக்கும் தடையை வைத்து மற்றதெல்லாம் ஊகிக்கப்படுகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் கொழுப்பு ஏறியதாகக் காட்டக்கூடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது. ஒரே எண்ணை ஆண்டவர் கையில் விடுவதே கடினமாயிருக்க, பதினைந்தை எதற்குச் சுமக்க வேண்டும்?

இனி அந்த ஒரே எண்ணுக்கு வருவோம். ஒருவருடைய எடை ஒரே நாளுக்குள் 1 முதல் 2 கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு. உப்பு அதிகமான சாப்பாடு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் தசையில் சேரும் நீர் எல்லாமே எண்ணைக் கூட்டும். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உபவாசம் இருந்தாலோ மாவுச்சத்தைக் குறைத்தாலோ முதல் வாரத்தில் சட்டென்று இறங்குவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அது திரும்பிவிடும். முதல் வார இறக்கத்தை அற்புதமென்றும் அடுத்த வார ஏற்றத்தைத் தண்டனையென்றும் எடுத்துக்கொள்வது, தண்ணீரின் போக்குவரத்துக்குத் தேவனுடைய பெயரைச் சூட்டுவதாகும்.

பயன்படுத்தும் முறை இதுதான். காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, எதையும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் ஏற வேண்டும். தினமும் பார்ப்பதானால் 7 நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மனம் அலைக்கழிகிறதென்றால் வாரம் ஒருமுறை போதும்.

ஜெபம் ஏறுவதற்கு முன்பே இருக்கட்டும். எண்ணைப் பார்த்த பிறகு செய்யும் ஜெபம் நன்றியாகவோ முறையீடாகவோ ஆகிவிடும். ஒப்புக்கொடுத்தல் எண் தெரியாதபோதுதான் நடக்கும். "ஆண்டவரே, இன்று எந்த எண் வந்தாலும் இன்றைய நடையை நடப்பேன், இன்றைய மாத்திரையைப் போடுவேன், மீதி உம்முடையது" என்ற அளவில் போதும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து நடந்த நிமிடங்கள், தூங்கிய மணி நேரம், மருந்து ஆகியவற்றை முதலில் எழுதி, எடையைக் கடைசியில் எழுதுங்கள். இலக்கை "மூன்று மாதத்தில் 10 கிலோ" என்று வைக்காமல், "வாரம் 150 நிமிடம் வேகநடை" என்று வைக்கலாம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. முன்னது நம் கையில் இல்லாத விளைச்சல், பின்னது நம் கையிலுள்ள வேலை. நடுவதும் நீர்ப்பாய்ச்சுவதும் மனிதர், விளையச்செய்கிறவர் தேவன் என்று 1 கொரிந்தியர் 3 பிரிப்பதும் இதே இடத்தில்தான்.

இங்கே வழுக்குவது இரண்டு விதம். ஒன்று, "இவ்வளவு குறைந்தால் சபையில் சாட்சி சொல்வேன்" என்று பேரம் பேசுவது. குறையாதபோது விசுவாசமே ஆட்டம் காணும். மற்றொன்று, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நடையையும் மருந்தையும் விடுவது. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்பதே வழி. இன்சுலினிலோ, சர்க்கரையை அதிகம் இறக்கும் மாத்திரையிலோ இருப்பவர்கள் அவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவும் கூடாது.

எடை குறைய, மரக்கறியும் தண்ணீரும் மட்டுமான தானியேலின் பத்து நாள் உணவைப் பின்பற்றுகிறவர்கள் தானியேல் 1:15-ஐ ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். பத்து நாள் முடிவில் அந்த வாலிபர்களின் சரீரம் 'புஷ்டியுள்ளதாய்' காணப்பட்டது என்றிருக்கிறது. அது எடைக்குறைப்புத் திட்டம் அல்ல. தீட்டுப்படாதிருக்க எடுத்த தீர்மானம்.

மெஷின் உண்மையாகவே உயிர் காக்கும் இடங்களும் உண்டு. இருதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமலே 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு இருந்துவிடாமல் பரிசோதனைக்குப் போங்கள்.

சாப்பிடப் பயப்படுகிறவர்கள், சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், ஒரே நாளில் பல முறை ஏறிப் பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் எந்த மெஷினையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருந்தால் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். எடை தெரிய வேண்டியது மருத்துவருக்கு மட்டுமே. அங்கே திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளலாம்.