ரெக்கார்டு வாங்கலாமா, ஸ்ட்ரீமிங்கே போதுமா?

ஒலித்தரத்துக்காக மட்டும் வினைல், அதாவது ரெக்கார்டு, வாங்க நினைத்தால், வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அனலாக் சத்தமே தனி" (எண்களாக மாற்றாமல் ஒலியலையை அப்படியே பதிவதுதான் அனலாக்) என்று யாரோ சொன்னதை நம்பிப் பணம் சேர்த்து, பிளேயர் வாங்கி, முதல் தட்டைப் போட்டதும் முகம் வாடிப்போகிறவர்கள் நிறையப் பேர். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், இரண்டிலும் பாட்டு கேட்கிறேன், ரெக்கார்டுகளை யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆனால் அதற்குக் காரணம் சத்தம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியே ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து (இந்த அளவீடுகள்தான் மாதிரிகள்), ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாகப் பதிகிறது. மனிதக் காதின் மேல் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கிவிடும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. நன்றாக அச்சான ரெக்கார்டிலேயே அது 60, 70ஐத் தாண்டுவது அபூர்வம். டிஜிட்டலில் ஒலியலை படிக்கட்டு போல வெட்டுப்பட்டிருக்கும், ரெக்கார்டில் வழவழவென்று இருக்கும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள், அது தவறு. மாதிரிகளிலிருந்து திரும்ப உருவாகி ஸ்பீக்கருக்குப் போகும் அலையில் படிக்கட்டு எதுவும் கிடையாது. ஆப்பிள் மியூசிக் 2021இலேயே கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் (சுருக்கினாலும் தரம் இழக்காத கோப்பு) கொடுக்கத் தொடங்கிவிட்டது, அதனால் "ஸ்ட்ரீமிங் என்றாலே நசுக்கிய எம்பி3" என்ற பழைய குறையும் இப்போது பொருந்தாது.

ரெக்கார்டின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று காதால் கேட்க வேண்டுமானால், ஒரு பக்கத்தின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. நீளத்துக்கு, இசை பதிந்திருக்கும் பள்ளம் ஊசிக்கடியில் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் வந்தால் 20 செ.மீ. சொச்சம்தான். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் அடைக்க வேண்டியிருப்பதால், பாடகர் 'ஸ்', 'ச' என்று உச்சரிக்கும் இடங்களெல்லாம் சரசரவென்று கிழியும். கூம்பு ஊசியில் இது அதிகம், நீள்வட்ட ஊசியில் குறைவு, அப்புறம் மைக்ரோலைன் மாதிரி நுண்ணிய ஊசிக்குப் போனால் இன்னும் குறையும். அந்தக் காலத்தில் பல ஆல்பங்களில் ஒவ்வொரு பக்கத்தையும் அமைதியான பாட்டோடு முடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சத்துக்கு மேல் அடைத்தால் ஒலியளவையோ பேஸையோ (தாழ்ந்த ஒலிகளை) குறைத்துத்தான் பள்ளத்தை வெட்ட முடியும்.

அப்படியானால் ரெக்கார்டில் கேட்டபோது நிஜமாகவே நன்றாக இருந்தது என்று சொல்கிறவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை, நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே வித்தியாசம் பிளாஸ்டிக்கில் இல்லை, மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் பாட்டின் ஒலியளவையும் தொனியையும் இறுதி செய்யும் வேலையில். தொண்ணூறுகளிலிருந்து சிடிக்கான மாஸ்டர்களை முடிந்தவரை உரக்க ஒலிக்க வைக்க வேண்டும் என்ற போட்டியில் மெல்லிய பகுதிகளையும் தூக்கி உரத்த பகுதிகளோடு சமமாக்கிவிட்டார்கள், டிரம்மின் அடி அடியாக விழாமல் சுவராக மாறியது. அதே ஆல்பத்தின் எழுபதுகளின் ரெக்கார்டில் அந்த நசுக்கல் இல்லை. ஸ்ட்ரீமிங்கில் இருப்பது பின்னால் வந்த ரீமாஸ்டர் மட்டும் என்றால், பழைய தட்டு ஜெயிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பழைய மாஸ்டர் நல்ல சிடியில் கிடைத்தால், அதுதான் இன்னும் மேல்.

புது மறுபதிப்புகள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் ஏராளமானவை டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டப்படுபவை, அதாவது நீங்கள் ஃபோனில் கேட்கும் அதே மூலத்தை ஊசி வழியாகச் சுற்றிக் கேட்கிறீர்கள். 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் பல பதிப்புகளில், முழு அனலாக் என்று ரசிகர்கள் நம்பி வாங்கியவற்றில், இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதுவரை அவற்றை அனலாக்கின் உச்சம் என்று கொண்டாடிய தேர்ந்த காதுகள் எதுவும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு இந்த ஒரு சம்பவமே போதும், அனலாக்கா டிஜிட்டலா என்ற சண்டையில் காது சொல்லும் தீர்ப்பைவிட நம்பிக்கை சொல்லும் தீர்ப்புதான் அதிகம் என்று புரிந்துகொள்ள. 180 கிராம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கனமான தட்டு கையில் பிடிக்க நன்றாக இருக்கும், பள்ளத்தில் இருப்பது அதேதான்.

கருவிக்கு வருவோம். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும், ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும் மலிவான பிளேயர்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஊசியின் அழுத்தத்தை மாற்றவே வழியில்லை, ஸ்பீக்கரின் அதிர்வு நேராக ஊசிக்குப் போகிறது. எடையைத் திருகி அளவு வைக்க முடிகிற டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை), மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி), இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பல மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்களுக்கு ஊசி அழுத்தம் 1.5 முதல் 2 கிராம் வரைதான். பின்னால் இருக்கும் எடையை மெல்ல மெல்லத் திருகி, ஆர்ம் மேலேயும் எழாமல் கீழேயும் சாயாமல் காற்றில் அப்படியே நிற்கும் இடத்தைப் பிடித்து, அங்கே டயலைப் பூஜ்யத்தில் வைத்து, அதற்கப்புறம்தான் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் திருப்ப வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தாலும் ஆபத்துதான், ஊசி பள்ளத்தில் உட்காராமல் துள்ளித் துள்ளிச் சுவரைச் சிதைத்துவிடும்.

பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் வரும் ஃபோனோ ப்ரீஆம்ப் தேவையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தேவை. தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளை (உயர்ந்த ஒலிகளை) கூட்டி வெட்டுகிறார்கள், இல்லையென்றால் பேஸ் வரும் இடத்தில் பள்ளம் அகன்று இடத்தை விழுங்கிவிடும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும், மில்லிவோல்ட் கணக்கில் வரும் சிக்னலைத் தூக்குவதும் அந்தப் பெட்டியின் வேலை. சில பிளேயர்களில் அல்லது ஆம்ப்களில் அது உள்ளேயே இருக்கும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வைர ஊசியும் நிரந்தரம் இல்லை, சாதாரணமாக 500 முதல் 1,000 மணி நேரத்தில் மாற்ற வேண்டிவரும்.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு, அது அச்சுத் தரம். புத்தம் புதிதாக, உறை பிரிக்காமல் வந்த தட்டு ஒன்றில் நடுத்துளை சரியாக நடுவில் இல்லை. சுற்றும்போது டோன்ஆர்ம் இடமும் வலமும் ஆடுகிறது, பியானோவின் நீண்ட சுரம் ஒவ்வொன்றும் அழுவதுபோல் நெளிகிறது. விற்றவரிடம் சொன்னால் "வினைல் என்றால் இப்படித்தான், அதுதான் அதன் அழகு" என்கிறார். இது அழகில்லை, பழுது. கொடுத்த பணத்துக்குத் துளையாவது நடுவில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள், வந்தவுடன் இரண்டு பக்கமும் முழுசாகப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ரெக்கார்டில் நான் கேட்கிறேன், ஃபோனில் பாட்டு ஓடுகிறது. ஊசியை வைத்துவிட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவக் கை போவதில்லை, எழுந்து போய் ஆர்மைத் தூக்க வேண்டுமே. முதல் தடவை பிடிக்காமல் போன பாட்டு, பக்கத்தின் மூன்றாவதாக இருப்பதால் மட்டுமே திரும்பத் திரும்பக் காதில் விழுந்து, கடைசியில் அந்த ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்ததாக மாறியிருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் அதைப் பத்து விநாடியில் தள்ளிவிட்டிருப்பேன். அப்புறம் அந்த உறை, பன்னிரண்டு அங்குலத் தட்டுக்கு வரும் அந்தப் பெரிய அட்டையில் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள், எங்கே பதிவானது என்று பாட்டு ஓடும்போதே படிப்பது எனக்கு இசையின் ஒரு பகுதியாகிவிட்டது. உரிமம் முடிந்து ஆல்பம் ஸ்ட்ரீமிங்கிலிருந்து காணாமல் போனாலும் என் அலமாரியில் இருக்கும் என்பதும் உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் என்றால் ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் கோப்புகளை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்வதே சுலபம், கீறலும் விழாது.

என் தீர்ப்பு இதுதான். நடந்துகொண்டோ, வேலை செய்துகொண்டோ, வண்டி ஓட்டிக்கொண்டோ பாட்டு கேட்பவர் என்றால் வினைல் பக்கம் போக வேண்டாம், அந்தப் பணத்தை நல்ல ஹெட்ஃபோனிலோ ஸ்பீக்கரிலோ போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். உட்கார்ந்து முழு ஆல்பம் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் ஸ்ட்ரீமிங்கை நிறுத்தாமல், மனப்பாடமாகத் தெரிந்த ஆல்பங்களில் தொடங்கி, மெதுவாக. எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியவில்லை என்றால், பிளேயர் வாங்கும் முன் சில வாரங்கள் ஃபோனிலேயே ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு பாட்டையும் தள்ளாமல், வேறு எதையும் திறக்காமல் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாரமே அலுத்துவிட்டால் பணம் மிச்சம்.