‘35 டர்ன்’ என்று ஒட்டியிருந்த மோட்டாருக்குள் இருந்தது 20: கிராலர் வைத்திருப்போர் கவனத்திற்கு

பாறை ஏறும் ஆர்சி கிராலருக்கு (ரேடியோவால் இயக்கும் சிறு வண்டி) ஒரு மோட்டாரை வாங்கி, விற்றவரிடமே வண்டியைக் கொடுத்துப் பொருத்தித் தரவும் சொல்லி, பொருளிலும் வேலையிலும் ஒருசேர ஏமாந்தேன். விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. என் புகார் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தவிரவும், இதே வேலையைச் செய்பவர் அவர் ஒருவர்தான் என்று நம்ப எனக்கு வழியில்லை. நடந்ததையும், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

என் வண்டி நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவிலானது. அதனுடன் வந்த மோட்டார் 540 அளவு, 27 டர்ன், மூன்று ஸ்லாட். 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரியில் ஓட்டுகிறேன். சமதளத்தில் குறை சொல்ல முடியாத மோட்டார்தான். ஆனால் பாறை விளிம்பில் முன்சக்கரத்தை வைத்துவிட்டு, திராட்டிலை மயிரிழை அளவு தொட்டு, வண்டி அங்குலம் அங்குலமாக ஏற வேண்டிய இடத்தில் அது நின்று, பிறகு திடீரென்று துள்ளும். துள்ளினால் பிடி விட்டுவிடும். ஆகவே சுற்று கூடிய, ஐந்து ஸ்லாட் மோட்டாராக மாற்ற நினைத்தேன்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். டர்ன் என்பது மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் சுருளில் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கை. சுற்று கூடக்கூட ஒரு வோல்ட்டுக்குக் கிடைக்கும் வேகம் குறையும். ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடும். கிராலருக்கு 35, 45, 55 என்று மோட்டார்கள் விற்கப்படுவது இதனால்தான். ஸ்லாட் என்பது வேறு விஷயம்: ஆர்மேச்சரின் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம்; எத்தனை ஸ்லாட்டோ அத்தனை பல். ஆர்மேச்சரில் மூன்று பல் இருந்தால் ஒரு சுற்றுக்குள் விசை ஏறி இறங்குவது கையில் தெரியும் அளவுக்கு இருக்கும். ஐந்து பல் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்து, மிக மெதுவான ஓட்டம் வழுவழுப்பாகும். பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் தரும் கார்பன் துண்டு) இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் பக்கம் போகலாமா என்றும் யோசித்தேன். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது திக்கித் திணறும். சென்சார் உள்ளதை வாங்கினால் அதற்கேற்ற இஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது பிரஷ் மோட்டாருக்கான இஎஸ்சி மட்டுமே என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

விற்பனைக் குறிப்பில் ‘540 அளவு, 35 டர்ன், ஐந்து ஸ்லாட், கிராலருக்கென்றே தயாரிக்கப்பட்டது’ என்று தெளிவாக இருந்தது. சிறு தொகை கூடுதலாகக் கொடுத்தால் பினியன் (மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டும் சிறு பற்சக்கரம்) மாற்றி, பற்சக்கர இடைவெளி சரிபார்த்து, ஓட்டிப் பார்த்துத் தருவதாகவும் சொன்னார்கள். எனக்கே செய்யத் தெரிந்த வேலைதான். சோம்பலில் ஒப்புக்கொண்டேன், இந்த விவகாரத்தில் என் பங்குக் குற்றம் இந்தச் சோம்பல்.

வண்டி கைக்கு வந்த முதல் நாளே சந்தேகம் தொடங்கியது. 27 டர்ன் மோட்டாரைவிட மெதுவாக ஓட வேண்டிய வண்டி, அதைவிட வேகமாகப் பாய்ந்தது. மெதுவாக ஓட்டினால் உள்ளேயிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரே சீரான சத்தம் வந்தது. முன்பு ஒரு பேட்டரியில் ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடிக்கொண்டிருந்த வண்டி, இருபத்தைந்து நிமிடத்தில் படுத்தது. கேட்டபோது, “புது பிரஷ் சார், படியறவரைக்கும் அப்படித்தான் சத்தம் வரும்” என்றார்கள். பிரஷ்ஷின் முனை, அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்பத் தேய்ந்து படிய வேண்டும் என்பதும், அதற்காகப் புது மோட்டாரைச் சற்று நேரம் குறைந்த வோல்ட்டில் சுமையில்லாமல் ஓட்டுவதும் உண்மை என்பதால், அந்தப் பதிலை நம்பி, அவர்கள் சொன்னபடியே மோட்டாரைக் கழற்றாமல் இன்னும் நான்கைந்து முறை ஓட்டினேன். ஐந்தாவது முறை, ஒரு சரிவின் பாதியில் இஎஸ்சி சூடேறித் தானாக நின்றது. ஆறியபின் மீண்டும் ஏற்றினால், மோட்டார் சுழலும் சத்தம் கேட்கிறது, சக்கரம் அசையவில்லை. இறக்கத்தில், திராட்டிலை விட்டதும் இஎஸ்சி தானாகப் போடும் டிராக் பிரேக் பிடிக்காமல் வண்டி தானாக உருண்டது. அதற்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது.

அன்றிரவு மோட்டாரைக் கழற்றினேன். சூட்டில் ஸ்டிக்கரின் ஒரு மூலை பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பியதும் முழுதாக உரிந்து வந்தது. அதன் அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்து, சுரண்டி எடுக்கப்பட்டதன் அடையாளமாக, உலர்ந்த பசையும் நான்கைந்து காகிதத் துணுக்குகளும் ஒட்டியிருந்தன. இதைப் பார்த்த பிறகு பொறுமை இல்லை. கூட்டின் விளிம்பில் மடித்துவிடப்பட்டிருந்த காதுகளைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் நிமிர்த்தி, பின்மூடியை இழுத்தேன். ஆர்மேச்சர் வெளியே வந்தபோது எண்ணிப் பார்க்கவே தேவையில்லாமல் தெரிந்தது: மூன்று பல். ஒரு பல்லிலிருந்த கம்பியைப் பிரித்து எண்ணினேன். ஒற்றைக் கம்பி, இருபது சுற்று. சந்தேகத்துக்காக இரண்டாவது பல்லையும் பிரித்தேன், அதிலும் இருபது.

கம்பியைப் பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு; நல்லவேளையாக, திறப்பதற்கு முன் அதையும் செய்து, மீட்டரைப் படம் பிடித்து வைத்திருந்தேன். பிரஷ் மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால் அதுவே டைனமோவாகி மின்னழுத்தம் தரும். ஒரே வேகத்தில் சுழற்றினால், சுற்று எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வோல்ட் கூடுதலாகக் காட்டும். டிரில்லின் வாயில் மோட்டாரின் 3.175 மி.மீ. ஷாஃப்ட்டைப் பிடித்து, இரண்டு முனைகளிலும் மல்ட்டிமீட்டரை வைத்து, டிரில்லை முழு வேகத்தில் ஓட்டினால் போதும். என் பழைய 27 டர்ன் மோட்டார் 0.70 வோல்ட் காட்டியது. அதே டிரில்லில், அதே வேகத்தில், 35 டர்ன் என்றால் குறைந்தது 0.90 காட்ட வேண்டும். இது காட்டியது 0.52. கணக்குப் போட்டால் சரியாக இருபது வருகிறது. ஒரே அளவுள்ள, ஒரே எண்ணிக்கைப் பல் கொண்ட மோட்டார்களை ஒப்பிடும்போதுதான் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக வரும். மூன்று ஸ்லாட்டின் டர்ன் எண்ணையும் ஐந்து ஸ்லாட்டின் டர்ன் எண்ணையும் நேருக்கு நேர் வைப்பது தவறு, ஏனெனில் ஐந்து ஸ்லாட்டில் ஒவ்வொரு சுருளும் ஒரு பல்லை மட்டும் சுற்றாமல் இரண்டு பற்களைச் சேர்த்துச் சுற்றுகிறது. அதே எண்ணுக்கு அது இன்னும் மெதுவாகவே ஓடும்.

இந்தப் படங்களை அனுப்பியதும் விற்பனையாளரின் பேச்சு மாறியது. முதலில், மோட்டாரில் தண்ணீர் பட்டிருக்கிறது என்றார். நான் வண்டியைத் தண்ணீரில் இறக்கியதே இல்லை. ஷாஃப்ட்டிலும் புஷ்ஷிலும் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை என்று படம் அனுப்பினேன். அடுத்து, 3எஸ் (மூன்று செல்) பேட்டரி போட்டிருப்பீர்கள் என்றார். என்னிடம் 3எஸ் பேட்டரியே கிடையாது. மூன்றாவதாக வந்ததுதான் உண்மை போலவே ஒலிக்கும் பதில்: “டர்ன் எதுவானா என்ன சார், சின்ன பினியன் போட்டா எல்லாம் ஒண்ணுதான்.”

இதற்குச் சற்று விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டிவிடுவார்கள். சுற்றுக் குறைந்த மோட்டாரில் கம்பி தடித்திருக்கும். ஆகையால் அதே முறுக்குவிசைக்குச் சுருளில் மட்டும் உண்டாகும் சூடு பெரிதாக மாறாது என்பது உண்மை. ஆனால் அதே விசைக்கு 35 சுற்று இழுக்கும் மின்னோட்டத்தைப்போல 1.75 மடங்கை 20 சுற்று இழுக்கும். அந்தக் கூடுதல் ஆம்பியர் முழுவதும் பேட்டரி, இஎஸ்சி, ஒயர், பிரஷ் ஆகிய நான்கின் தலையில்தான் விழுகிறது. என் இஎஸ்சி நின்றதும், பிரஷ் பாதியாகக் கரைந்ததும், கம்யூட்டேட்டரில் கறுப்புக் குழிகள் விழுந்ததும் அதனால்தான். இதைப் பினியனால் ஈடுகட்ட வேண்டுமானால் பினியனும் 1.75 பங்கு சிறுக்க வேண்டும். என் வண்டியில் இருப்பது 32 பிட்ச்சில் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 14 பல் பினியன். அது 8 பல்லாக வேண்டும். 3.175 மி.மீ. துளை போட்ட பிறகு, 8 பல் பினியனில் பல்லின் அடிக்கும் துளைக்கும் நடுவே அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் உலோகம்தான் மிஞ்சும். அதில் கிரப் ஸ்க்ரூ (பினியனை ஷாஃப்ட்டோடு இறுக்கும் தலையில்லாத சிறு திருகு) எங்கே பிடிக்கும்? அவர் ‘சின்ன பினியன்’ என்று சொல்லி அனுப்பிவைக்க முன்வந்தது 11 பல். அது குறைப்பது 1.27 பங்கு மட்டுமே. தவிர, பினியனை எவ்வளவு குறைத்தாலும் மூன்று பல் ஆர்மேச்சர் ஐந்து பல்லாக மாறாது. நான் கேட்டுப் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

ஸ்டிக்கரை அவர் ஒட்டியிருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்குச் சரக்குக் கொடுத்தவரே ஒட்டியிருக்கலாம் என்று ஒரு வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருத்திய வேலை அவருடையது. அதில் நடந்ததுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

அந்த ‘டிக், டிக்’ சத்தம் பிரஷ்ஷிலிருந்து வரவில்லை. மோட்டாரைத் தகட்டில் பிடிக்கும் 3 மி.மீ. திருகுகள் இரண்டும் 10 மி.மீ. நீளமுள்ளவை. தகட்டின் தடிமன் 3 மி.மீ.; வாஷர் போடவில்லை. மீதி ஏழு மில்லிமீட்டர் மோட்டாரின் முன்முகத்தைத் துளைத்து உள்ளே போய், சுழலும் சுருளின் ஓரத்தை உரசிக்கொண்டிருந்திருக்கிறது. ஆர்மேச்சரின் அந்தப் பக்கத்தில் மூன்று சுருள்களின் வளைவிலும், கவராயம் வைத்து இழுத்ததுபோல, ஒரே வட்டப் பாதையில் வார்னிஷ் உரிந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. செம்பு திருகைத் தொட்டால் மின்சாரம் கூட்டுக்குப் பாயும்; இன்னும் சில முறை ஓட்டியிருந்தால் இஎஸ்சியும் சேர்ந்து போயிருக்கலாம். மோட்டாரின் முகத்துக்குள் மூன்று நான்கு மில்லிமீட்டர் மரை பிடித்தால் தாராளமாகப் போதும். என் தகட்டுக்கு 6 மி.மீ. திருகு சரியான அளவு.

சக்கரம் அசையாமல் மோட்டார் மட்டும் சுழன்றதற்குக் காரணம் பினியனின் கிரப் ஸ்க்ரூ. ஷாஃப்ட்டில் தட்டையாகச் சீவிய பக்கம் ஒன்று இருக்கிறது. திருகின் முனை அதன்மேல் உட்கார வேண்டும். அவர்கள் அதை உருண்ட பக்கத்தில் முடுக்கியிருந்தார்கள், நீல திரெட்லாக்கும் (திருகு தளராமல் இருக்கப் பூசும் பசை) இல்லை. டிராக் பிரேக் பிடிக்காததும் இதனால்தான்: இஎஸ்சி மோட்டாரைப் பிடித்து நிறுத்தியது, பினியன் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கியது. பினியனும், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரும் மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றோடொன்று அழுத்தப்பட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து அழுத்தி, மோட்டார் திருகை முடுக்கி, காகிதத்தைச் சுழற்றி எடுத்தால் சரியான இடைவெளி கிடைத்துவிடும். இது ஒரு நிமிட வேலை. பிளாஸ்டிக் ஸ்பர் கியர் முழு வட்டமாக இருக்காது என்பதால் மூன்று நான்கு இடங்களில் சுழற்றிப் பார்ப்பது நல்லது. ‘ஓட்டிப் பார்த்துத் தருகிறோம்’ என்றவர்கள் உண்மையிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழாமல் இருந்திருக்காது.

திரும்பவும் மோட்டார் வாங்கினேன், வேறொருவரிடம். இம்முறை பணம் கொடுப்பதற்கு முன் ஷாஃப்ட்டை விரலால் மெல்லத் திருகிப் பார்த்தேன். இரண்டு காந்தமுள்ள 540 மோட்டாரில் ஆர்மேச்சர் மூன்று பல்லாக இருந்தால் ஒரு முழுச் சுற்றில் ஆறு இடங்களில் காந்தம் பிடித்து விடுவது அழுத்தமாகத் தெரியும்; ஐந்து பல்லாக இருந்தால் பத்து இடங்கள், ஒவ்வொன்றும் மெல்லியதாக. ஷாஃப்ட்டில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் எண்ணுவது சுலபம். தொலைவிலிருந்து வாங்குபவர்கள் விற்பவரிடம் இதையே ஒரு காணொளியாகக் கேட்கலாம். பிரிக்கக்கூடிய பின்மூடியுள்ள மோட்டார் என்றால் ஆர்மேச்சரின் படத்தையே கேட்கலாம். டர்ன் எண்ணுடன், ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு என் முதல் விற்பனையாளர், ‘நல்ல டார்க் இருக்கும்’ என்று மட்டும் பதில் சொல்லியிருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புகாரின் இன்றைய நிலை இது. பொருத்திய மோட்டாரைத் திரும்பப் பெறுவதில்லை என்பது அவர்கள் விதி. பொருத்தியதே அவர்கள்தானே என்று கேட்டதற்கு, நான் திறந்துவிட்டதால் உத்தரவாதம் போய்விட்டது என்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது பாதி விலை தள்ளுபடி தருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டேன். முழுத் தொகையும் பொருத்துக் கூலியும் கேட்டு, டிரில் சோதனையின் படம், உரிந்த ஸ்டிக்கர், 10 மி.மீ. திருகுகள் ஆகியவற்றுடன், எந்த நிறுவனத்தின் வழியாகப் பணம் செலுத்தினேனோ அதனிடம் முறையீடு கொடுத்திருக்கிறேன். அதே குறிப்பு, அதே ‘35 டர்ன், ஐந்து ஸ்லாட்’ என்ற வாசகத்துடன், நேற்று வரை விற்பனையில் இருந்தது.